எங்களுக்குச் சௌகரியமான ஊர்

அமெரிக்காவில் நாங்கள் எந்த ஊரில் குடியிருக்கப் போகிறோம் என்பது எங்களுக்கு முன்னாலேயே டெல்லியில் நாங்கள் இருந்த கிட்வாய் நகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காரணம் அப்பாதான். வாயை வைத்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. ஆபீசுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதைத்தான் ஆரம்பிப்பாராம். நியூ ஜெர்சியில் வேலை, மரமும் புல்வெளியுமாக ஒரு புறநகர், அங்கே நம்ம பையன் ஒருத்தன் இருக்கிறான், வீடெல்லாம் அவன் பார்த்து வைத்துவிடுவான், நாங்கள் போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

டெல்லியில் கம்ப்யூட்டர் தெரிந்த பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த அப்பா நாற்பத்தைந்து வயதில் வேலையை விடத் துணிந்தார். அமெரிக்கக் கம்பெனி டிக்கெட் வாங்கித் தரும், ஆனால் வீட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு வழக்கம், வீடு எந்த ஊரிலோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். நான் அப்போதுதான் பத்தாவது எழுதியிருந்தேன். ஆகவே ஊர் என்றால் என் படிப்பு, என் படிப்பு என்றால் அப்பாவின் மானம்.

இதெல்லாம் கிட்வாய் நகர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. சர்க்கார் குவார்ட்டர்ஸ் டைப் டூவா டைப் ஃபோரா என்று சொன்னாலே ஆளின் பதவி, சம்பளம், பெண்ணுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை பார்ப்பார் என்பது வரை கணக்குப் போட்டுவிடுகிற ஜனங்கள் நாங்கள். அமெரிக்காவையும் அப்படியே டைப் டைப்பாகப் பிரித்துவிட்டோம். நம்ம பையன் இருந்த ஊர் டைப் ஃபைவ், பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கிற ரகம். அங்கே பள்ளிக்கூடம் பிரமாதம் என்று அப்பா இன்டர்நெட் கடையில் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வேறு ஊரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நம்ம பையன் என்று அப்பா சொன்னது எங்களுக்கு உறவுமில்லை, சொந்த ஊர்க்காரருமில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குப் படிக்க வந்தவர். முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தார். அப்படித் தனியாகக் கிடக்கிற தமிழ்ப் பையன்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அவருடையது. நான் அவரை அண்ணா என்பேன். சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அம்மா போடுகிற வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொள்வார், அதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை.

நான் ஆறாவது படித்தபோது முனிர்காவில் வீட்டுக்காரன் திடீரென்று அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பின் வராந்தாவை அடைத்து ஓர் அறையாக்கியிருந்தோம், அதில் பழைய டிரங்குப் பெட்டியும் என் உடைந்த சைக்கிளும்தான் இருந்தன. பரீட்சை முடிகிற வரைக்கும் அங்கே தங்கிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். அம்மா பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"முனிர்காலயே உங்களவா நெறைய பேர் இருக்காளே தம்பி. ஒனக்கு அங்கதான் சௌகரியம். இங்க வந்தா ஒனக்கே கஷ்டமா இருக்கும்" என்றாள்.

கோபமோ கடுப்போ இல்லை, அவ்வளவு இனிமையாகச் சொன்னாள். குவார்ட்டர்ஸில் வெளி ஆளை வைத்தால் ஆபீஸிலிருந்து சோதனைக்கு வருவார்கள் என்று அப்பாவும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். அண்ணா சரி மாமி என்றார். அடுத்த மாதமே அந்த அறையில் கும்பகோணத்துப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா அம்மாவை நாங்கள் பார்த்தது கூடக் கிடையாது. எங்களவா என்று மட்டும் அம்மா சொன்னாள், அது போதுமாக இருந்தது. சோதனைக்கு யாரும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புது அண்ணா வந்திருக்கார் பாருங்க என்று அறையைக் காட்டியது நான்தான். கட்டிலையும் மேசை விளக்கையும் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ரூம் என்றார். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்து எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். வேலை கிடைத்து வெளியூர் போகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். எத்தனை வசதியான நினைப்பு!

அமெரிக்கா என்று ஆனதும் அப்பா எங்கெங்கோ விசாரித்து, நியூ ஜெர்சியில் இருந்த அவர் விலாசத்தைப் பிடித்தார். உன் ஊரிலேயே வீடு பார் என்று எழுதிப் போட்டார். கேட்கலாமா கூடாதா என்ற யோசனையே எங்கள் வீட்டில் எழவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டிருக்கிறோமே, செய்யாமல் எங்கே போவான் என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் செய்தார். மேல் வீட்டு மாமி அப்போது காபி குடித்துக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் பட்டனை அழுத்தச் சொன்னாள் அம்மா. நான் அழுத்தினேன். சௌக்கியம் விசாரித்து முடித்ததும் அப்பா சத்தமாக, வீடு பாத்துட்டியா என்று கேட்டார்.

"எங்க ஊரு வேண்டாம் சார். நாலு ஸ்டேஷன் தள்ளி இன்னொரு ஊரு இருக்கு. அங்க உங்களவங்க நெறைய பேர் இருக்காங்க. உங்களுக்கு அங்கதான் சௌகரியம். இங்க வந்தா உங்களுக்கே கஷ்டமா இருக்கும்."

குரலில் குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவரும் அவ்வளவு இனிமையாகத்தான் சொன்னார். பீன்ஸ் ஆய்ந்த அந்தத் தட்டு கூட எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். சுமார்தான், ஆனால் பாப்பா கெட்டிக்காரி, எங்கே போட்டாலும் படித்துக்கொள்ளும் என்றார் அவர். அப்பா "அச்சா, அச்சா" என்றார். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் அப்பாவுக்கு ஹிந்திதான் வரும். ஏன் வேண்டாங்கறான் என்று மேல் வீட்டு மாமி என் காதருகே குனிந்து கேட்டாள்.

அப்போது அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"மாமி, அந்தப் பின்னாடி ரூம்ல இப்ப யாரு இருக்கா?"

அவர் சும்மா விசாரித்திருக்கலாம்.

"யாரும் இல்லப்பா. சாமான் போட்டு வெச்சிருக்கோம்."

வேளை பார்த்து வந்து சேர்ந்தான் பாருங்கள். பின் அறைக் கதவு திறந்தது. கும்பகோணத்துப் பையனுக்கு அப்புறம் ஒருவன் வந்து போய், அவனுக்கும் அப்புறம் வந்து அந்த வருஷம் அங்கே தங்கியிருந்த பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்று, "மாமி, பேப்பர் வந்துடுத்தா?" என்று கேட்டான். ஸ்பீக்கர் போட்டது போட்டபடி இருந்தது.

எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. லைன் போய்விட்டது என்று அப்பா ஹலோ ஹலோ என்று கத்த ஆரம்பித்தார்.

"இருக்கேன் சார்" என்றார் அவர். "நல்ல ரூம் மாமி அது. வெளிச்சமா இருக்கும்."

விமான நிலையத்துக்கு வண்டியோடு வந்து நிற்பதாகவும், அந்த ஊரில் வீட்டைத் தானே நேரில் போய்ப் பார்த்து வைப்பதாகவும் சொன்னார். பிறகு வைத்துவிட்டார். சொன்னபடியே செய்யவும் செய்தார். அவர் திட்டியிருந்தால், முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் நாங்களும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்போம். அதற்கு அவர் இடமே வைக்கவில்லை.

மேல் வீட்டு மாமி காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கச் செய்தி போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். நாலு காசு பார்த்ததும் கொழுப்பு ஏறிவிட்டது, உட்கார வைத்துச் சோறு போட்டோமே என்று அப்பா அந்த நாள் முழுக்கக் கறுவினார். மறுநாள் சார்ட்டர்ட் பஸ்ஸில் புது ஊரின் பெருமையை ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். கோயில் பக்கமாம், முருங்கைக்காய் கூடக் கிடைக்குமாம்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. பின் அறைப் பையன் வெளியே போனதும் அங்கே போய் அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் உள்ளே கட்டில் வரைக்கும் வந்திருந்தது, வெளிச்சமான அறைதான். நான் வாசலிலேயே நின்றேன்.

"அவன் தெரிஞ்சே சொன்னானாடி? இல்ல யதார்த்தமா சொன்னானா?" என்று கேட்டாள்.

டெல்லியில் பிறந்து இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவள் நான். ஒரு வரி தமிழ் படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடாமல் விட்டோமே என்று அம்மா என்னை வருஷக் கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது எனக்குக் கைகொடுத்தது.

"எனக்கு அவ்ளோ தமிழ் தெரியாதும்மா" என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தமிழ் எனக்கு நன்றாகவே தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதை நான் அவள் வாயிலிருந்துதான் கேட்டிருந்தேன்.