தோள் ஆறிய நாட்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் வங்காளத்தில், டாக்குரியா என்ற பகுதியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு வங்கி வேலை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாள் நான் இறங்கி முடிப்பதற்குள் மினிபஸ் நகர்ந்துவிட்டது. கம்பியை விடாமல் தொங்கியதில், வலது தோளில் தசையை எலும்போடு பிணைக்கும் நாண் கிழிந்தது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ஒன்றரை மாதம் கையைத் தூக்கவே கூடாது, தையல் பிடிக்கிறதா என்று அவ்வப்போது அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும் என்றார் சர்ஜன்.

கணவர் எட்டரைக்கே கிளம்பிவிடுவார். கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாள்தான் தினமும் மாடியேறி வந்து எனக்குத் தலை வாரி, புடவை கட்டிவிட்டார். அவரைப் பௌதி என்று கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம். ஸ்கேனுக்கும் அவர்தான் துணை.

கரியாஹாட் பக்கம் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். அங்கிருந்த லேடி டாக்டர் தோளில் சில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை மெல்ல உருட்டுவார். சண்டைக்கு நிற்பது போல இடுப்பில் கை வைக்கச் சொல்வார். திரையில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தெரிவதுதான் நாண் என்றார். முதல் தடவை எல்லாம் சரியாக இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் கால்பைசாகி என்னும் கோடைப் புயல் கிளம்பியது. பௌதி சந்தைக்குப் போயிருந்தார். கஞ்சி போட்ட அவருடைய தாந்த் கைத்தறிப் புடவை மொட்டைமாடிக் கொடியில் படபடத்தது. ஓடிப்போய் எடுத்தேன். கிளிப்பைக் கழற்ற இடது கை போதவில்லை. வலது கையும் மேலே போய்விட்டது. தோளுக்குள் சுரீரென்றது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஸ்கேனில் டாக்டர் ஒரே இடத்தில் கருவியை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

“கையைத் தூக்கினீங்களா?”

பௌதியை வைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். தையல் விடவில்லை, ஆனால் நீர் கோத்திருக்கிறது, ஓரிடத்தில் நாண் மெலிந்திருக்கிறது என்றார். கை இன்னும் மூன்று வாரம் கழுத்தில் மாட்டிய தூளியில் கிடக்க வேண்டியதாயிற்று.

ரிக்‌ஷாவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் பௌதி சொன்னார்: “நனைஞ்ச புடவை காஞ்சிடும். உன் கை போனா நான் எங்கே போய் வாங்கிட்டு வருவேன்?” கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து மொட்டைமாடிச் சாவி அவர் முந்தானையில்தான்.

துர்கா பூஜைக்கு முன் கடைசி ஸ்கேன். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொல்லி, டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்புக்கு அடியில் நாண் எங்கும் தட்டாமல் வழுக்கிப் போய்த் திரும்பியது. பௌதியை அருகே கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஒட்டிக்கிச்சா?”

“நல்லாவே ஒட்டியிருக்கு.”

வெளியே வந்து நடைபாதையில் நின்று இருவரும் பானிபூரி போன்ற புச்கா சாப்பிட்டோம். வலது கையாலேயே எடுத்து வாயில் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவர் என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்தில் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. இங்கே லிஃப்ட் இருக்கும் ஃபிளாட். கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.