தலைக்கு வார்த்த காலை

வெங்காயத்துக்குப் பாத்தி கட்டும்போது மண்வெட்டி நழுவி என் கணவரின் கணுக்காலில் வெட்டியது. சின்ன வெட்டுத்தான். புகையிலையைக் கசக்கி அப்பிவிட்டு மறுநாளும் தோட்டத்துக்குப் போனார். சொல் கேட்கிற மனுசன் என்றால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

நாலாம் நாள் காய்ச்சல் பிடித்தது. அன்றைக்கே ஷெல்லடியும் தொடங்கிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. அளவெட்டியில் எங்கள் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் அவரும் நானும் அவரைப் பெற்ற மாமியும் இரண்டு நாள் கிடந்தோம். குனிந்துதான் இருக்கலாம். அவர் அனலாய்க் கொதித்தார், நடுங்கினார், பிதற்றினார். முழங்கால்வரை சிவந்து வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் றோட்டில் ஷெல் விழுகிறது. இருப்போம் என்றால் அவருடைய மூச்சு என் கழுத்தில் சுடுகிறது. மாமி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மாமியோடு சண்டை பிடித்தேன். அந்தக் குழிக்குள் வேறு யாரோடு பிடிப்பது?

மூன்றாம் நாள் விடிய ஷெல்லடி ஓய்ந்தது. அவருடைய நெற்றியைத் தொட்டேன். வியர்த்து, குளிர்ந்திருந்தது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்கு வார்ப்பதுதானே எங்கள் வழக்கம்? வேப்பிலை போட்டுத் தண்ணீர் சுட வைத்தேன்.

“இண்டைக்குத் தலைக்கு வாக்காதை பிள்ளை. ரெண்டு நாள் பொறுத்து வாப்பம்,” என்றார் மாமி.

“உங்களுக்குப் பொறுக்க மட்டும்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, அவரைக் கிணற்றடியில் இருத்தி வார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதையும் சுகம் என்றே நினைத்தேன். மத்தியானம் கஞ்சி கொடுக்க எழுப்பினால் கண் திறக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெயில் ஓடும் தன் பழைய காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டொக்டர் நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். “காயத்துக் கிருமி ரத்தத்திலை கலந்திட்டுது. அந்த நஞ்சு இருதயத்தையும் களைக்கப் பண்ணும். உடம்பு குளிர்ந்தது காய்ச்சல் விட்டதாலை இல்லை, ரத்த ஓட்டம் குறைஞ்சதாலை. எப்ப குளிர்ந்தது?”

“இப்பத்தான்,” என்றேன். வாய் முந்திவிட்டது.

“அப்ப சேலைனை வேகமா விடலாம். கனநேரம் எண்டால் இருதயம் நல்லாக் களைச்சிருக்கும். வேகமா விட்டால் தாங்காது, நெஞ்சுக்குள்ளை தண்ணி கட்டிப்போடும்.”

நேர்ஸ் போத்தலோடு வந்துவிட்டார். சொன்னால் புருசனைக் கொல்லப் பார்த்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் கொன்றவளே ஆவேன். இது தெரிந்தும் நாக்கு அசையவில்லை.

“விடியவே குளிர்ந்திட்டுது, ஐயா,” என்றார் பின்னால் நின்ற மாமி. “காய்ச்சல் விட்டிட்டுதெண்டு நான்தான் தலைக்கு வாத்தனான். இவள் வேண்டாம் எண்டுதான் சொன்னவள்.”

டொக்டர் மாமியை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு சேலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று மூச்சைக் கவனித்தார். ஊசி மருந்தும் ஏற்றினார்கள். “தப்புவார் எண்டு இப்ப சொல்லேலாது. தப்பினால் இருதயம் பழையபடி தேறும்,” என்றார். ஆறு நாள் அந்தக் கட்டிலடியில் இருந்தேன். ஏழாம் நாள் அவர் தேத்தண்ணி கேட்டார்.

பெற்ற தாயே பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று ஊர் கதைத்தது. அவரும் ஒரு மாதம் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமி மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டிருக்க மாமி செத்துப்போனார்.

ஒவ்வொரு வருடமும் மாமியின் திவசத்தன்று, “அம்மா என்னை வாத்தே அனுப்பப் பாத்தவ,” என்று அவர் சொல்வார், வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் குனிந்து இலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.