சம்பந்தி வீட்டு ஆயில்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அதை அவரே சொல்லுவார். மழை எப்போது வரும், மாட்டுக்கு என்ன நோவு, வெள்ளைக்காரன் ஏன் போனான், எதைக் கேட்டாலும் பதில் கைவசம் இருக்கும். அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் அவர் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பழைய கார் வாங்கினார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனபோது, கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த கார் அது. புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகும் சாலையில் இருந்த எங்கள் ஊரில் வேறு யாரிடமும் கார் கிடையாது. ஆகவே அது ஓடினாலும் பெருமைதான், ஓடாவிட்டாலும் பெருமைதான். வாங்கிய புதிதில் ஒருநாள் நாலு சக்கரமும் இறுகிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டது. "பெட்ரோல்ல தண்ணியக் கலந்துட்டான் களவாணிப்பய" என்றார் சித்தப்பா. நாங்கள் ஊரோடு சேர்ந்து அந்தக் களவாணிப் பயலைத் திட்டித் தீர்த்தோம். திருச்சியிலிருந்து ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

அக்காவைக் கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு முதலில் ஒன்று தங்காமல் போயிருந்தது. மறுபடி உண்டாகி ஏழு மாதம் வந்ததும் எல்லோருக்கும் வயிற்றில் நெருப்புதான். அதிகம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வளைகாப்பை முடித்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். "என் கார் எதுக்கு இருக்கு? பூவாட்டம் கொண்டாந்து எறக்குறேன்" என்று சித்தப்பா மார்தட்டினார். அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்துக் கோர்ட்டில் வாய்தா. அதனால் அம்மாவும் நானும் சித்தப்பாவோடு காரில் போனோம்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். வாய் மட்டும் இருபது வயது. சாயங்காலம் காரில் திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் கையாட்டிக்கொண்டே போவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அக்காவின் இரண்டு கையும் முழங்கை வரை வளையல். ராகு காலத்துக்கு முன்னால் படியிறங்கிவிட வேண்டும் என்று அவசரம். அக்காவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்தினார்கள். நான் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறினார். காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அது சொதசொதவென்று அடிவரை போய்விட்டது. இன்னொரு முறை மிதித்தார். பிறகு இறங்கி, பட்டு வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாகக் கசிந்திருந்தது. காரில் வைத்திருந்த பிரேக் ஆயில் டப்பாவில் மிச்சமிருந்ததைக் காலையில் வரும்போதே ஊற்றித் தீர்த்திருந்தார்.

"பிரேக் ஆயில் எறங்கிப் போச்சு" என்றார்.

அக்காவின் மாமனார் அந்த வருஷம்தான் கிணற்றுக்குப் புது எஞ்சின் வைத்திருந்தார். ஊரில் யார் என்ன பேசினாலும் அதைக் கொண்டுபோய் அந்த எஞ்சினில் முடிப்பவர். "அட, ஆயில்தானே! நம்ம எஞ்சினுக்கு வாங்குனது டின்னு டின்னாக் கெடக்கு. டேய், கொண்டாங்கடா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழு டின் வந்து காருக்குப் பக்கத்தில் இறங்கியது.

"இது வேற ஆயிலுங்க சம்பந்தி" என்றார் சித்தப்பா.

"ஆயில்ல என்னங்க வேற? வழவழன்னு இருந்தாச் சரிதானே."

அக்காவின் மாமியார் தன் பங்குக்கு, "வெளக்கெண்ணெ வேணும்னாலும் இருக்கு, நம்ம கொட்டையில ஆட்டுனதுதான்" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மாமனாரின் முகம் மாறிவிட்டது.

"எங்க வீட்டு எண்ணெ ஒங்க காருக்கு ஆகாதோ?"

போச்சு. சம்பந்தி வீட்டில் ஒரு வாய் மோரை வேண்டாம் என்று சொன்னதற்காகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. இது ஒரு முழு டின். அம்மா பதறிப்போய்க் காரிலிருந்து இறங்கி, சித்தப்பாவின் காதருகே வந்து, "பேருக்குக் கொஞ்சம் ஊத்திக்கிருங்களேன் தம்பி. மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்" என்றாள். கை பிரேக் இருக்கிறதே என்று இன்னொருவர் யோசனை சொன்னார். நேரமோ போய்க்கொண்டிருந்தது.

சித்தப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஒருக்க ஊத்தித்தான் கெட்டேன் சம்பந்தி. கார் வாங்குன புதுசுல, ஆயில்தானேன்னு எஞ்சின் ஆயில எடுத்து இதுல ஊத்திட்டேன். மொதல்ல நல்லாத்தான் புடிச்சுச்சு. அப்பறம் உள்ள இருக்க ரப்பரெல்லாம் ஊறப்போட்ட கொண்டக்கடலையாட்டம் உப்பி, நடுத்தெருவுல நின்னேன். வீட்ல பெட்ரோல்ல தண்ணின்னு பொய் சொல்லிட்டேன். பிரேக் ஆயிலுக்குப் பேருதான் ஆயிலு. அது ஆயிலே இல்லீங்க."

கூட்டம் குபீரென்று சிரித்தது. "ஆயிலு, ஆனா ஆயிலு இல்லையாம்!" என்று யாரோ திருப்பிச் சொல்ல, பந்தல் முழுக்க அதுவே ஓடியது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. களவாணிப் பயல் என்று யாரும் இருந்ததே இல்லையா!

"மாட்டுவண்டி கட்டச் சொல்லுங்க, அதுல போறோம்" என்றார் சித்தப்பா.

இப்போது அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "புள்ளத்தாச்சியக் குலுங்கக் குலுங்க வண்டியிலயா கொண்டு போறது? டாக்டரம்மா என்ன சொன்னுச்சு?"

"குலுங்குனா நிறுத்திக்கலாம் மதினி. நிக்கலைன்னா என்ன செய்வீங்க?"

அப்போது வளையல் சத்தம் கேட்டது. அக்கா, யாரையும் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் பேச்சில்லை.

மாமனாருக்கு வருத்தம் பாதி, வெற்றி பாதி. "எங்க மாட்டுக்கு எந்த எண்ணெயும் வேணாம், போயிட்டு வாங்க" என்று தன் வில்வண்டியையே கட்டச் சொன்னார். வைக்கோலை மெத்தையாகப் போட்டு அக்காவைப் படுக்க வைத்தார்கள். அம்மாவும் நானும் சித்திரான்னத் தூக்குகளும் ஏறியதும் வண்டி நிறைந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இடமில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

வழி நெடுக முந்திரிக்காடு. சித்தப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. எங்கள் மூஞ்சியில் முழிக்க வெட்கப்பட்டுத்தான் முன்னால் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வப்போது குனிந்து கல்லை எடுத்து ஓரமாக வீசினார். பள்ளம் வந்தால் கையை உயர்த்துவார், வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடிப்பார். கண்மாய்க் கரையிலிருந்து சாலை சரிந்து வளைகிற இடத்தில் மட்டும் வண்டிப் பக்கம் திரும்பி, நுகத்தடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே இறங்கினார். அக்கா தூங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது என் வகுப்புப் பிள்ளைகள் வெளியேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வைக்கோலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். பாவி மனுஷா, என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று சித்தப்பாவை மனசுக்குள் வைததெல்லாம் இங்கே எழுத முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். மறுநாள் சித்தப்பா பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார். சரியான டப்பாவையும் புது ரப்பரையும் வாங்கிக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் போய், காரைச் சரிசெய்து ஓட்டி வந்தார். அதற்குள் 'ஆயிலு இல்லாத ஆயிலு' என்ற பேர் அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் கார் வாங்கினார். பிரேக் ஆயில் டப்பாவின் மேல், வேறு எந்த எண்ணெயையும் இதோடு சேர்க்காதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையில் டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மொதல்ல நல்லாத்தான் புடிச்சுச்சு" என்று சித்தப்பா சொன்னாரே! அந்த டின்னை ஊற்றியிருந்தால் அன்றைக்குப் பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கும். ஹாரன் அடித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சம்பந்தி மனசும் குளிர, ராஜா மாதிரி புறப்பட்டிருக்கலாம். அதன் பிறகு எந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆகாமல் போன விபத்துக்கு யார் போய் நன்றி சொல்வார்கள்? நாங்கள் யாரும் சொல்லவில்லை. சித்தப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சித்தப்பா என்று இப்போது தினமும் சொல்லிக்கொள்கிறேன். நல்ல வேளை, அன்று என்னை யாரும் யோசனை கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஊற்றத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தடவை அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தொட்டில் போடுகிற அன்று அக்காவின் மாமனார் பேரனைப் பார்க்க வந்து, சபை நடுவில் உட்கார்ந்து, "என்ன இருந்தாலும் காரைவிட எங்க மாடுதானே ஒஸ்தி? எம் பேரன் மொத மொதப் போன சவாரியே அதுலதானே!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அதுவும் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சீ, இந்த மனுஷனுக்கு ரோசமே கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை அப்போது அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அது முழித்துவிடக் கூடாதே என்றுதான் அவர் சத்தமில்லாமல் சிரித்தார் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.