கொசு சாரின் மருந்துக்கு சீட் கிடைக்கவில்லை

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் தலசீமியா வார்டில் ஒரு பச்சை நிற டிபன் டப்பா மூடி காணாமல் போய்விட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த இந்தத் துயரச் செய்திக்கு நேர் கீழே, அதில் பாதி மரியாதைகூட இல்லாமல், இரண்டே சொல்லில் இன்னொன்று வந்தது: "ஜெபராஜ் எக்ஸ்பயர்ட்." அதற்கடுத்து, "மூடி கிடைத்துவிட்டது, தேங்க்ஸ்." அதன் பிறகுதான் கைகூப்பும் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன. ஜெபராஜ் சாருக்கா, மூடிக்கா என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

மறுநாள் பார்த்தால் அவர் கடவுள் ஆகியிருந்தார். "நம் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த மகான்" என்று எழுதியவர்களில் ஒருவராவது அந்த மகானுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டதுண்டா? என் தங்கை செல்விக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். தாராவியிலிருந்து பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம் அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கையில் நீல ஐஸ் பெட்டி. சம்மதித்த பிள்ளைகளிடம் ஒரு சின்னக் குழாய் ரத்தம் வாங்கிக்கொண்டு, செம்பூரைத் தாண்டி இருக்கும் தன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். சாக்லேட் கிடையாது, சிரிப்பு கிடையாது. கொசு சார் என்று பெயர் வைத்தது நான்தான். கொசுவாவது காதருகே வந்து ஒரு பாட்டுப் பாடும்.

அவருடைய ஆராய்ச்சியை நம் குழுவில் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான் என்பதால் சொல்கிறேன். அம்மா வயிற்றில் இருக்கும்போது ரத்தச் சிவப்பைச் செய்ய நமக்கு ஒரு ஜீன் இருக்கிறது. பிறந்த பிறகு ஒரு புரதம் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை மூடிவிடும். வேலையை வேறொரு ஜீன் எடுத்துக்கொள்ளும். செல்விக்கு அந்த இரண்டாவது ஜீன் பழுது. முதல் ஜீன் நன்றாகத்தான் இருக்கிறது. மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

"வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம் தம்பி. மூடுறவன் வந்து உக்காருத எடத்துல நம்ம மூலக்கூறு முந்திப் போயி உக்காந்துட்டா போதும்" என்றார்.

"கர்சீப் போட்டு சீட் புடிக்கிற மாதிரியா சார்?" என்றேன்.

"அதான். ஆனா சனியன், ஒரு எடத்துல உக்காருன்னா ஒம்பது எடத்துல உக்காருது. தேவையில்லாத ஜீனையெல்லாம் தொட்டுருது. செல்லு செத்துப்போவுது."

"காலையில விரார் லோக்கல் ரயில்ல ஏத்தி விடுங்க சார். ஒரு எடம் கெடச்சாலே பெருசுன்னு அடங்கிரும்."

இத்தனை வருஷம் படித்த மனிதருக்கு ஒரு மூலக்கூறை உட்காரவைக்கத் தெரியவில்லை. எங்கள் வாத்தியார்கள் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு அறுபது பேரை உட்காரவைத்தார்கள்.

நம் வார்டு அறிவாளிகளின் சாதனையையும் மறக்கக்கூடாது. மருந்து அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, சார் கஞ்சத்தனமாக ஒளித்து வைத்திருக்கிறார் என்று பாதிப் பேருக்கு நம்பிக்கை. ஆயுதபூஜைக்கு மறுநாள் அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனார். தோல்பட்டறையில் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்த சூட்டோடு வந்திருந்த என் அப்பா, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு குழாய்க்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். எண்கள் எழுதிய இடத்தின் மேலேயே. எது யாருடைய ரத்தம் என்று தெரியாமல் அத்தனையும் வீண்.

"பூஜை பண்ணுனா சீக்கிரம் வேலை செய்யும்லா?" என்று அப்பா இழுத்தார்.

சார் பெட்டியை மூடினார். "வச்சதுதான் வச்சீரு, மூடியில வச்சிருக்கக் கூடாதாவே?" "மன்னிச்சுருங்க சார், அடுத்த வருஷம் கெடா வெட்டிருவோம்" என்று நான்தான் நிலைமையைச் சமாளித்தேன்.

அப்புறம் அந்த டானிக்காரன். டை கட்டிக்கொண்டு, "ஜீனையே திருத்தும், பக்கா கியாரண்டி" என்று பாட்டிலோடு வந்தான். அவனுக்கு நாற்காலி, டீ, பிஸ்கட். மருந்து எப்போது வரும் என்று சாரிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "தெரியாது." இரண்டு பேரில் யாரைச் சுற்றி நம் கூட்டம் நின்றது என்று இப்போது மகான் பட்டம் வழங்கியவர்கள் சொல்லட்டும். "சார், நீங்களும் ஒரு டை வாங்கிக் கட்டுங்க" என்று அன்றைக்கே அறிவுரை சொன்னேன். கேட்கவில்லை.

அடக்கத்துக்கு வார்டிலிருந்து வந்தவர்கள் நானும் அப்பாவும்தான். ஐஸ் பெட்டியோடு திரிந்தவர் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். அவர் வேலையை இனி யார் தொடர்வார்கள் என்று ஆய்வுக்கூடத்துப் பையன் ஒருவனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

இதுவரை எழுதியதைச் செல்விக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். கேட்டுவிட்டு, "அண்ணே, இதெல்லாம் நீ எப்ப சார்ட்ட சொன்ன? அவரு வந்தாலே கையைக் கட்டிட்டு எந்திரிச்சு நிப்பியே" என்றாள்.

உண்மைதான். கர்சீப், விரார் லோக்கல், கெடா, டை எல்லாமே வீடு திரும்பும் பஸ்ஸில் தோன்றியவை. அவர் எதிரில் என் வாயிலிருந்து வந்தது "சரி சார்" மட்டும். ஒரே ஒரு முறை, "செல்விக்கு எப்ப சார் கெடைக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் என் கண்ணைப் பார்த்து, "தெரியாதுய்யா" என்றார். அன்றைக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

செல்வி விடவில்லை. "சார் போயிட்டாரே, இனி எனக்கு மருந்து வருமாண்ணே?"

டானிக்காரன் வாயில் வந்ததெல்லாம் என் வாயிலும் வந்தது. முழுங்கிவிட்டு, "தெரியாதுட்டி" என்றேன். சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் சொல்லித் தரவில்லை.