பனி விழுமுன் நடந்து பார்த்தவர்

வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஆஸ்திரியாவிலிருந்து ஒரு போலீஸ்காரர். கால்ஸ்டைன் பனிச்சறுக்கு மலையில், புல்லில் ஒருவர் விழுந்து கிடந்ததை மேய்ச்சலிலிருந்து மாடுகளைக் கீழே ஓட்டி வந்தவர்கள் பார்த்தார்களாம். மாரடைப்பு. அடையாள அட்டையில் ஓஸ்வின் பான்ட்லே என்று இருக்கிறது, நீங்கள் அவர் மனைவியா என்று கேட்டார்.

"அவரை அங்க ஏறச் சொன்னது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ரோஸ்விதா கத்தினாள்.

பாவம், அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மன்னிக்கவும் என்று இரண்டு முறை சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, ஓஸ்வினின் சட்டையைப் பாதி மடித்தபடியே தரையில் விட்டெறிந்தாள்.

ஓஸ்வின் முப்பத்து நான்கு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். மார்கழி இருட்டில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் படிக்கட்டுகளில் உப்புத் தூவி முடித்திருப்பார். பனிச்சறுக்குச் சங்கத்தில் குளிர்கால விடுமுறைப் பயணம் அவர் பொறுப்பு. முதல் வருடம் விளம்பரப் புத்தகத்தின் படங்களை நம்பி ஒரு மலைக்கு எல்லோரையும் கூட்டிப்போனார். மெல்லிய பனிக்கு அடியில் கல். ரோஸ்விதாவின் இடது முழங்கால் அன்றைக்குப் போனது. இன்றும் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறாள்.

அதன்பிறகு ஓஸ்வின் எந்தப் படத்தையும் நம்பவில்லை. அக்டோபரில், பனி விழுவதற்கு முன்பு தானே காரை ஓட்டிப்போய், ஒவ்வொரு சரிவையும் அடியிலிருந்து உச்சிவரை நடப்பார். கல் எங்கே, பள்ளம் எங்கே, முள்கம்பி எங்கே என்று ஒரு பச்சை நோட்டில் குறித்துக்கொள்வார்.

"மலையைத் துணி இல்லாம பாக்கணும் ரோஸி."

"பெரிய டாக்டர்னு நெனப்பு" என்பாள் அவள்.

அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் மோஸ்பாக். சின்ன இடம், நான்கே சரிவுகள். இருபத்திரண்டு வருடமாகச் சங்கம் அங்கேதான் போனது. ஒருவருக்கும் ஓர் எலும்பும் முறியவில்லை. எல்லோருக்கும் அலுத்துப்போனது.

செப்டம்பர் கூட்டம் வழக்கம்போல விடுதியின் பின்னறையில் நடந்தது. சங்கத் தலைவர் ஃபோல்கர், ஓஸ்வினைவிட இருபது வயது இளையவன், கால்ஸ்டைனின் வரைபடத்தை மேசைமேல் விரித்தான்.

"மோஸ்பாக்ல மாடுங்களுக்குக்கூட உங்க பேரு தெரியும் ஓஸ்வின். அதுங்களுக்கும் ஒரு மாறுதல் வேணாமா?"

"என் பொண்ணு மோஸ்பாக்னு சொன்னாலே ஜுரம் வந்தமாதிரி நடிக்கிறா" என்றாள் சங்கத்து உறுப்பினர் சில்கே. சிரிப்பு.

ஓஸ்வின் சிரிக்கவில்லை. "கால்ஸ்டைனை நான் நடந்து பாக்கல. பாக்காத எடத்துக்கு பஸ் போகாது."

"அப்ப நடந்து பாருங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க" என்றான் ஃபோல்கர்.

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் ரோஸ்விதாவும் ஒன்று சொன்னாள். அதைத்தான் அவளால் இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "போய்த்தான் பாரேன். இல்ல, வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோ. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்."

அடக்கத்துக்குப் பிறகு காபியும் பின்னல் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஃபோல்கர் எழுந்தான். இந்த வருடம் ஓஸ்வினின் நினைவாகக் கால்ஸ்டைனுக்குப் போகலாம் என்று சங்கம் யோசிப்பதாகச் சொன்னான். அவன் கண் கலங்கியது. ரோஸ்விதாவுக்கு அந்த ரொட்டியை அவன் முகத்தில் எறியத் தோன்றியது. கொன்ற இடத்துக்கே கொண்டாடப் போகிறார்களாம், அதுவும் அவர் பெயரில்!

மறுநாள் அவருடைய முதுகுப்பை வந்து சேர்ந்தது. தேநீர்க் குடுவை, ஈரல் தடவிய ரொட்டி ஒன்று கடிக்காமல், பச்சை நோட்டு. நோட்டைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? கால்ஸ்டைனின் கல்லும் முள்ளும் ஒன்று விடாமல் இருக்கும். அதை அவர்கள் நடுவிலேயே பிரித்துப் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"உக்காருங்க ரோஸ்விதா" என்றான் ஃபோல்கர்.

"உக்கார வரல. நீ நடந்து பாருன்னு சொன்ன. அவரு பாத்தாரு. என்ன பாத்தாருன்னு கேட்டுட்டு அப்புறம் கையத் தூக்குங்க."

நோட்டின் ரப்பர் பட்டையை உருவினாள். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோன்ற நேரான கையெழுத்து.

"ஒன்று. புல். கல் இல்லை. இரண்டு. ஓரத்தில் இரண்டு பாறை, வலை கட்டியிருக்கிறார்கள்." அவள் எதிர்பார்த்த கல்லையும் முள்ளையும் காணோம். வேகமாகப் படித்தாள். "ஐந்து. ஓடைக்கு வேலி இருக்கிறது. மோஸ்பாக்கில் பத்து வருடம் கேட்டும் போடவில்லை."

ஒன்பதாவது சரிவுக்கு வந்தாள். கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது, வாய் நின்றது. நோட்டு அவள் கையில்தான் இருந்தது. மூடிவிடலாம். இந்த ஒரு வரி இருந்ததாக யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒரு கல்லைக்கூட மறைக்காத மனிதரின் கையெழுத்து அது.

"ஒன்பது" என்று திட்டுவதுபோல் உரக்கப் படித்தாள். "நல்ல அகலம். குழந்தைகளுக்கு ஏற்றது. ஃபோல்கர் சொன்னது சரி. அவனிடம் சொல்ல வேண்டும்."

ஃபோல்கர் மேசையைப் பார்த்தான். சில்கே மூக்கைச் சிந்தினாள்.

"கேட்டுச்சா? இன்னொரு தடவ படிக்கணுமா?" அவளுக்கு யாரைக் கடிப்பது என்றே தெரியவில்லை. "ஒன்பது நல்லா இருந்தா போதாதா? எறங்கி வந்து சொல்லியிருக்கலாம்ல? பெரிய கணக்குப்புலி! மீதியையும் பாத்தே ஆகணும்னு மேல ஏறியிருக்கான் மடையன்!"

யாரும் அவளைத் தொட வரவில்லை. வந்திருந்தால் அடித்திருப்பாள்.

"பதினொரு சரிவு இருக்கு" என்றாள் கடைசியில், நோட்டைத் தட்டி. "பத்துக்கும் பதினொண்ணுக்கும் நம்பர் மட்டும் போட்டு வெச்சிருக்காரு. அதப் பாக்காம பஸ் கிளம்பக் கூடாது."

"நான் போறேன்" என்றான் ஃபோல்கர். "சனிக்கிழமை."

"நடந்து. கார்ல உக்காந்துகிட்டு தூரத்துலேர்ந்து பாக்கறது இல்ல."

"நடந்துதான் ரோஸ்விதா."

வாக்கெடுப்பில் எல்லாக் கைகளும் கால்ஸ்டைனுக்கு உயர்ந்தன. ரோஸ்விதாவும் தூக்கினாள், யாரையோ அறைய ஓங்கியதுபோல.

ஃபோல்கர் போகவிருந்ததற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, கால்ஸ்டைனில் முழங்கால் ஆழத்துக்குப் பனி விழுந்தது. பத்தாவது சரிவையும் பதினோராவது சரிவையும் யாரும் நடந்து பார்க்கவில்லை.