வேப்பமரத்து வீட்டுக் கேசட்

என் வீட்டில் போன் கிடையாது. டில்லி முனிர்காவில் எனக்கு வரும் அழைப்பெல்லாம் மாடி வீட்டுக்குத்தான் வரும். அந்த ஞாயிறு காலை வீட்டுக்கார அம்மாள் மேலேயிருந்து "பாயி சாப், போன்! ஜல்தி!" என்று கத்தியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடினேன். சரோஜினி நகரிலிருந்து சண்முகவேல் அண்ணாச்சியின் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் பேசினார். "அண்ணாச்சி போயிட்டார் சார். ஷேவ் பண்ணிட்டிருந்தவர் அப்படியே சாஞ்சுட்டார்." நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "ஞாயித்துக்கிழமையாச்சே, அவர் எப்படி வீட்ல இருந்தார்?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள், பாடியவர்கள், பொங்கல் விழாவுக்கு மந்திர் மார்க் பள்ளியில் மேடைக்கு பெஞ்சு தூக்கிப் போட்டவர்கள் எல்லோருக்கும் அண்ணாச்சியைத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரே நாளில் குழுவை விட்டுப் போனதும் தெரியும். காது மந்தமாகிவிட்டது என்று அவர் சொன்னார். நீங்கள் நம்பவில்லை. அவருக்கும் எனக்கும் சண்டை என்று பேசிக்கொண்டீர்கள். நானும் மறுக்கவில்லை. இரண்டுமே பொய்.

ஆபீசில் என் மேஜைக்கு அடுத்த மேஜை அவருடையது. திருநெல்வேலிக்காரர். இருபது வருஷம் டில்லியில் இருந்தும் அவர் பேச்சில் 'வே' போகவில்லை. பஞ்சாபி டைப்பிஸ்டைக்கூட "என்னவே" என்றுதான் கூப்பிடுவார். அந்த மனிதனும் திரும்பிப் பார்ப்பான். குழுவுக்கு அக்கார்டியன் வாசித்தார். ஆனால் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. மேடையில் ஒரு நன்றி சொல்லச் சொன்னால்கூட மைக்கை என் கையில் திணித்துவிடுவார். "எங்குரலு டெஸ்டிங்குக்குத்தான் வே ஆவும்" என்பார். பழைய மைக், ஆம்பிளிபயர், ஸ்பீக்கர் என்று எதை வாங்கப் போனாலும் "ஸா... பா... ஸா" என்று இழுத்துப் பார்ப்பாரே, அந்தக் குரலைத்தான் சொல்வார்.

சாணக்யபுரியில் எக்கோ மெஷின் வாங்கிய கதையை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். தூதரகக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஏதாவது ஒரு ஞாயிறு வீட்டுச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்பார்கள். அண்ணாச்சி நேராகப் போய் அந்தப் பெட்டியின் முதுகில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தார். "கருகுன வாடை இருந்தா உள்ள டிரான்ஸ்பார்மர் போச்சுன்னு அர்த்தம் வே. மெஷினு பொய் சொல்லாது, விக்கிறவந்தான் சொல்லுவான்." விற்ற வெள்ளைக்கார அம்மாள் இவர் மோந்து பார்ப்பதைப் பார்த்து, பசி என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாச்சி கூச்சமே இல்லாமல் இரண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். கொடுத்துவிட்டாள்! அந்த எக்கோ வந்த பிறகுதான் நம் பாடகர்களின் குரல் ரிக்கார்டில் கேட்கிற மாதிரி ஆயிற்று.

மற்ற ஞாயிறுகளில் செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் கபாடி பஜார். தரையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்கும் இடம். அங்கே போக அண்ணாச்சியிடம் ஒரு காக்கிப் பை உண்டு. அதில் ஆறு பேட்டரி செல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காலி கேசட். எந்த டேப் ரெக்கார்டரையும் நம் கேசட்டைப் போட்டுப் பதிந்து பார்க்காமல் வாங்கமாட்டார். இன்னொரு கட்டளையும் வைத்திருந்தார். "யார் வீட்டுப் பொருள்னு மட்டும் கேக்காதீரும். கேட்டா விக்கிறவன் ஒரு கதையச் சொல்லுவான், கதைக்கும் சேத்து நாம கொடுக்கணும்." கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

பிறகு எண்பத்துநாலில் அந்த நவம்பர் வந்தது. பிரதமர் சுடப்பட்டதற்கு மறுநாளிலிருந்து நகரம் எரிந்தது. மொட்டை மாடியில் நின்று நாலு திசையிலும் புகையைப் பார்த்தேன். சீக்கியர்களின் வீடுகளையும் டாக்சிகளையும் மனிதர்களையும் கொளுத்தினார்கள். மூன்று வாரம் கழித்து பஜார் மறுபடி கூடியபோது சாக்குகளில் இடம் போதவில்லை. டி.வி., ரேடியோ, தையல் மிஷின், ஹார்மோனியம் எல்லாம் புதிது மாதிரி இருந்தன, விலையோ சொல்லவே வேண்டாம். எங்கிருந்து வந்தன என்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெரியும். ஆனால் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு நோட்ஸ் எழுத நம் குழுவுக்கு ஒரு நல்ல டேப் ரெக்கார்டர் வேண்டியிருந்தது, பழையது படுத்துவிட்டது, பொங்கலுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய ஜப்பான் டேப் ரெக்கார்டர் ஒன்று கீறல்கூட இல்லாமல் கிடந்தது. அண்ணாச்சி மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

"புகை வாடை அடிக்கி வே."

"டிரான்ஸ்பார்மரா?"

"இல்ல. வெளிய."

இருந்தாலும் செல்லை எடுத்துப் போட்டார். "கேசட் எங்க வே?" என்று கேட்டார். முந்தின வாரம் ரேடியோவிலிருந்து ஒரு பாட்டைப் பதிவதற்காக அந்தக் காலி கேசட்டை நான்தான் வாங்கிப் போயிருந்தேன். திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டேன். "உள்ளயே ஒண்ணு கிடக்கே அண்ணாச்சி, அதுலயே போட்டுப் பாருங்க" என்றேன்.

"அது யாரோடதோ வே."

"ஏதாவது சினிமாப் பாட்டா இருக்கும். ஒரு நிமிஷம்தானே, போடுங்க."

அவர் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி மோட்டாரைச் சோதித்தார். நடுவில் எங்கேயோ நிறுத்தி, பதிவு செய்யும் பட்டனை அமுக்கிக் குனிந்து, "ஸா... பா... ஸா" என்றார். நான் பக்கத்தில் நின்று பேசினேன், சிரித்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டோம். கண்ணாடி மாதிரி இருந்தது. வாங்கிவிட்டோம்.

சரோஜினி நகரில் அவர் வீட்டுக்குப் போனோம். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே அண்ணாச்சி இடது கையால் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். பாட்டு வரவில்லை. ஒரு பெண், நடு வயதிருக்கும், பஞ்சாபியில் பேசினாள். எங்களுக்குத் தெரிந்த ஹிந்தியை வைத்து முக்கால்வாசி புரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் குரலிலேயே எழுதிய கடிதம். அந்த நாட்களில் பலரும் அப்படிக் கேசட் அனுப்புவார்கள். "ஜீத்தே பேட்டா" என்று மகன் ஜீத்தாவைக் கூப்பிட்டு ஆரம்பித்தாள். தங்கைக்கு நிச்சயமாகியிருக்கிறது, அப்பாவின் டாக்சிக்குப் புது டயர் மாற்றியாயிற்று, நீ குளிரில் தலையை மூடிக்கொள். நடுவில் ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு அம்மா, "நாம் புது வீட்டுக்கு வந்துவிட்டோம் இல்லையா, விலாசம் சொல்கிறேன், எழுதிக்கொள்" என்றாள். ஒரு 'டக்'.

"ஸா... பா... ஸா."

ஒன்றரை நிமிஷம் அண்ணாச்சியின் குரலும் என் குரலும் ஓடின. மறுபடி ஒரு 'டக்'. அந்த அம்மாள் தொடர்ந்தாள். "...வாசலில் பெரிய வேப்பமரம் இருக்கிறது, வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாய்."

மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சியின் கை சோற்றிலேயே இருந்தது. கை காய்ந்து போகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் கேசட்டை வெளியே எடுத்து, அதன் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்தார். அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் யாரும் எதையும் பதிய முடியாது. இனி என்ன பிரயோஜனம்? ஆனால் அவரால் அதைத்தான் செய்ய முடிந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் போனது பஜாருக்கு இல்லை. யமுனைக்கு அக்கரையில் எரிந்த காலனிகளுக்கும், பள்ளிக்கூடங்களில் போட்டிருந்த முகாம்களுக்கும், குருத்வாராக்களுக்கும் அந்த மெஷினைக் காக்கிப் பையில் தூக்கிக்கொண்டு போனார். ஜீத்தாவின் அம்மா, வாசலில் வேப்பமரம். இவ்வளவுதான் கையில் இருந்தது. டில்லியில் எந்தத் தெருவில் வேப்பமரம் இல்லை? எந்தச் சந்தில் ஒரு ஜீத்தா இல்லை? "அந்தப் பய இன்னும் தபால பாத்துட்டு இருப்பான் வே" என்பார். அவனுக்குத் தன் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கும் தெரியாது. அக்கார்டியனை அவர் மறுபடி தொடவில்லை. "சுதி வச்சாலே அந்த அம்மா வாயப் பொத்துன மாதிரி இருக்கு வே" என்றார். அவர் குழுவை விட்ட காரணம் இதுதான், நண்பர்களே.

நான் அவரோடு ஒரே ஒரு முறை போனேன். ஒரு குருத்வாராவின் கூடத்தில், வீடிழந்த பெண்கள் ஐம்பது பேராவது தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் நெருங்கி வந்து மெஷினைச் சுற்றிக்கொண்டார்கள். குரல் ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தி முகமும் மாறியது. தன் அக்காவாக இருக்குமோ, பக்கத்து வீட்டுக்காரியாக இருக்குமோ என்று கண்ணை மூடிக் கேட்டார்கள். ஒரு கிழவி ஸ்பீக்கர் மேலேயே காதை வைத்துக்கொண்டாள். அப்போது அந்த 'டக்' வந்தது. "ஸா... பா... ஸா." எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"யே கோன் ஹை?" என்றாள் கிழவி. இது யார்?

"நான்தான்" என்றார் அண்ணாச்சி ஹிந்தியில். கை கூப்பிக்கொண்டு சொன்னார்.

"அந்த இன்னொருத்தன்? சிரிக்கிறானே, அவன்?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "வழியில போன யாரோ" என்றார்.

செருப்பை வெளியே விட்டிருந்ததால் காலுறையோடு நின்றிருந்தேன். இடது பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்னைய ஏன் அண்ணாச்சி மறைச்சீங்க? போடச் சொன்னது நான்தானே?" என்றேன். "பட்டன அமுக்குனது எங்கையி வே. நீரு போவும்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு எனக்கு ஜுரம் என்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்புறம் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஐந்து வருஷம் அடுத்த மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தோம். திங்கட்கிழமை காலைகளில் அவர் செருப்பில் அக்கரை மண் ஒட்டியிருக்கும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். யார் வீட்டுப் பொருள் என்று கேட்கக் கூடாது என்ற கட்டளையை அவர் கைவிட்டுவிட்டார். நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மதினி காக்கிப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கெளம்ப எல்லாம் எடுத்து வச்சிருந்தாரு தம்பி. செல்லுகூட புதுசு." மெஷினை வெளியே எடுத்து வைத்து, "அவரு பேசுனது இது ஒண்ணுதான கெடக்கு. ஒருக்கா போடுங்க தம்பி" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை மைக், எத்தனை டேப் ரெக்கார்டர் அந்த மனிதர் கையால் வாங்கினோம்! ஊரார் பாடியதெல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அவர் குரல் அந்த ஒன்றரை நிமிஷத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

போட்டேன். டயர், நிச்சயதார்த்தம், குளிர், சின்னப் பெண்ணின் சிரிப்பு. 'டக்'. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஸா... பா... ஸா. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏ வே ராசகோபாலு, நல்லா வருதா வே?" அடுத்தது என் குரல். "ஜோரா வருது அண்ணாச்சி! யாரு வீட்டு அதிர்ஷ்டமோ, நமக்கு அடிச்சுது. வாங்கிடலாம்." பிறகு என் சிரிப்பு. அதற்குப் பிறகு வேப்பமரம்.

மதினிக்கு அதில் அண்ணாச்சி பேசியதை மட்டும் வேறு கேசட்டில் பதிந்து கொடுத்துவிட்டேன், என் குரல் வருவதற்கு முன்பே நிறுத்தி. மூலக் கேசட்டும் பையும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அண்ணாச்சி விட்டுப்போனதில் எனக்கு வந்தது இவைதான். உங்களில் யாருக்காவது, உங்கள் ஆபீசிலோ தெருவிலோ, வெளிநாட்டில் ஜீத்தா என்று மகன் இருந்த, வாசலில் வேப்பமரம் நின்ற ஒரு டாக்சிக்காரர் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் வரும் ஞாயிறு நான் யமுனையைத் தாண்டப் போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூடத்தில் யாராவது மறுபடி "யே கோன் ஹை?" என்று கேட்பார்கள். முதல் குரல் சண்முகவேல் அண்ணாச்சி, காலமாகிவிட்டார், உங்களை ஐந்து வருஷம் தேடினார் என்று சொல்வேன். சிரிக்கிறவன் வழியில் போனவன் இல்லை, நான்தான் என்றும் சொல்வேன்.