எட்டு முறை கலைத்த சீட்டு

சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் தன் மூளையைப் பாராட்டிக்கொள்வார். தோற்றவர் சீட்டைக் கலைத்தவனைத் திட்டுவார். என்னைப் போலப் பிறருக்குச் சீட்டுக் கலைத்துக் கொடுப்பதையே உத்தியோகமாகச் செய்த பாவப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு படிக்காமலே தலையாட்டிவிடுவீர்கள்.

பொது ஆள்

ஐம்பதுகளின் கடைசி. சேலத்தில் ஒரு கிளப். சாயங்காலமானால் வக்கீல்களும் லாரி முதலாளிகளும் பிரிட்ஜ் ஆட வருவார்கள். ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். ஒருவர் கலைத்த சீட்டை இன்னொருவர் நம்பமாட்டார். கடைசியில், ஆட்டத்தில் சேராத பொது ஆள் ஒருவன்தான் கலைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கணக்கை எடுத்து இன்டர்மீடியட் தேறிவிட்டுச் சும்மா இருந்த நான் அந்தப் பொது ஆள் ஆனேன்.

தற்காலிக வேலைதான். ஆனால் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் பிலோமினா. அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் மாதாகோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்த பிறகுதான் கல்யாணம். அதை ஓலை வாசிப்பது என்போம். அவள் அப்பா ரயில்வேக்காரர். தற்காலிகம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "வேல பெர்மனென்ட் ஆகட்டும் தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்றார்.

ஆளுக்கு இரண்டு

எத்தனை முறை கலைப்பது என்பதில் அடுத்த சண்டை. கிளப் செயலாளரான வக்கீல் தீர்த்துவைத்தார். மேஜைக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கலைப்பு, ஆக எட்டு. அதுவும் எப்படி? கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, மேல்பாதியில் ஒன்று, கீழ்ப்பாதியில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். ஒரு சீட்டு பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

விரல் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. பழகியபின் நான் கலைப்பதைப் பார்க்கவே அடுத்த மேஜையிலிருந்து எழுந்து வந்தார்கள். சண்டை நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீல் என் முதுகில் தட்டி, "கோர்ட்டுலகூட இவ்வளவு நியாயத்த நான் பாத்ததில்லப்பா" என்றார்.

பெரியண்ணனின் சலிப்பு

வாரம் தவறாமல் நாமக்கல்லிலிருந்து வரும் லாரி முதலாளி பெரியண்ணன் மட்டும் முகம் சுளித்தார். பிரிட்ஜில் ஒருவர் இறக்கிய இனத்தையே, கையில் இருக்கும்வரை, மற்ற மூவரும் போட வேண்டும். அந்த நாலும் ஒன்றாகவே கட்டுக்குள் போகும். சரியாகக் கலையாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அந்த நாலும் ஆளுக்கொன்றாகப் போய்ச் சேரும். எங்கள் கிளப்பில் அதேதான் நடந்தது: எல்லார் கையிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அதிர்ஷ்டமும் இல்லை, தரித்திரமும் இல்லை. "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அளந்து போட்டா அது ரேஷன் கடைங்க சாமி, இதுக்கா நான் நாமக்கல்லுல இருந்து வாரேன்?"

இரண்டாம் சீட்டின் பயணம்

அந்தப் பேச்சு உறுத்தியது. புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து, எட்டு முறை கலைத்து, மேஜையில் பரப்பினேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒன்றுகூட மாறாமல் வரிசையாக இருந்தது!

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது சீட்டு முதல் கலைப்பில் மூன்றாம் இடத்துக்குப் போகிறது. பிறகு ஐந்து, ஒன்பது, பதினேழு, முப்பத்துமூன்று. அது கீழ்ப்பாதியில் இருப்பதால் அங்கிருந்து பின்வாங்கிப் பதினாலு, பிறகு இருபத்தேழு. எட்டாவது கலைப்பில் பழையபடி இரண்டு. மற்ற சீட்டுகளும் இப்படியே ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்புகின்றன. ஆளுக்கு இரண்டு என்ற நியாயம்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. கிளப்பில் காபி போடும் ராமண்ணா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளா நீங்க சும்மாதான் ஒக்காந்திருந்தீங்களா?" என்றார்.

கலைந்தது

மறுநாள் முதல் மனசாட்சிக்குப் பயந்து, கோணல்மாணலாக, கொத்துக் கொத்தாகக் கலைத்தேன். நிஜமாகவே கலைந்தது. பெரியண்ணன் கையில் ஸ்பேடு மட்டும் பத்து. வக்கீல் கையில் ஒரு படச்சீட்டுகூட இல்லை. பெரியண்ணன் சிரித்தார்; வக்கீல் சீட்டை விசிறியடித்தார். பழைய சண்டை முழுவதும் வட்டியோடு திரும்பியது. நான் பெரியண்ணனின் கையாள் என்றே பேசிக்கொண்டார்கள்.

பொதுக்குழுவில் என் வேலை விஷயம் வந்தது. எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் புதுக் கட்டு ஒன்றைப் பழைய முறைப்படி எட்டுத் தடவை கலைத்துப் பரப்பிக் காட்டினேன். பிலோமினாவை இழந்துவிடுவேன் என்ற பயம் இருந்தது. ஆனாலும் ஒரு சீட்டும் பிசகவில்லை. "பாருங்கள், இது கலைப்பே இல்லை" என்றேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கலையுதா கலையலையான்னு உன்னை யாருப்பா கேட்டா? கலைக்கிறது எல்லார் கண்ணுக்கும் தெரியுதில்ல, அது போதும். பழையபடி எட்டே போடு, வேல பெர்மனென்ட்."

நேர்மையாகக் கலைத்தபோது கைநழுவப் பார்த்த கல்யாணம், இனிக் கலைக்கவே மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதும் அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கும் அளவுக்குக் கூடிவந்த கணக்கை, எந்த இன்டர்மீடியட் வாத்தியாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.